நேரம் சொல்வது வாடகையே!



நடுவர் அவர்களே, கற்பிலே சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று பேசிப் பழகியவர்கள் நாங்கள். இன்றைக்கு எங்களைக் கூப்பிட்டு, "ரீட் யூனிட் விலை சரியும்போது, வாங்கும் நேரத்தைச் சொல்வது விலையா? வாடகையா?" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டீர்கள். வீட்டிலே தலைப்பைச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "வாடகையைப் பத்தியா பேசப்போறே? மாடி போர்ஷன்காரர் மூணு மாசப் பாக்கி. அதையும் டி.வி.யிலே சொல்லிடு" என்றார். (சிரிப்பு)

சொல்லிவிட்டேன். இனி அவர் பாடு.

தாய்மார்களுக்கு முதலிலே ஒரு விளக்கம். ரீட் என்றால் ரியல் எஸ்டேட் இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்ட். பெரிய பெரிய அலுவலகக் கட்டடம், வணிக வளாகம் இதையெல்லாம் ஓர் அறக்கட்டளை வைத்திருக்கும். அதைச் சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரித்துப் பங்குச் சந்தையிலே விற்கும். நீங்கள் ஒரு யூனிட் வாங்கினால், அந்தக் கட்டடத்து வாடகையிலே உங்களுக்கும் ஒரு துளி வரும். செபி 2014-ஆம் ஆண்டு இதற்கு விதி போட்டது. சொத்து மதிப்பிலே 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடமாக இருக்க வேண்டும். பங்கிடத்தக்க பணத்திலே 90 சதவீதத்தை யூனிட்காரர்களுக்குக் கொடுத்தே தீர வேண்டும். 2019-இலே முதல் ரீட் வந்தது, எம்பசி. யூனிட் 300 ரூபாய். ஆரம்பத்திலே லட்சக்கணக்கிலே போட்டால்தான் உள்ளே விடுவார்கள். 2021-இலே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்ததும் நாம் உள்ளே போய்விட்டோம். அதனாலேதான் இந்தப் பட்டிமன்றமே நடக்கிறது!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "உச்சத்திலேயிருந்து 20 சதவீதம் இறங்கினா வாங்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றார். ஐயா, நான் கேட்கிறேன், யாருடைய உச்சம்? யாரோ ஒரு புண்ணியவான் ஆசையிலே ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய விலை அது. அவர் ஆசை எப்படி எனக்கு அளவுகோல் ஆகும்? நூறு ரூபாய்ச் சாமான் எண்பதுக்கு வந்தது, மலிவு என்று வாங்குகிறீர்கள். அது நாற்பதுக்குப் போனால்? உங்கள் பணத்திலே பாதி போச்சு. அப்போதும் அது இருபது சதவீதத் தள்ளுபடியா?

ஆடி மாசத் தள்ளுபடிக்குப் போகிற எந்தப் பெண்ணாவது விலைச் சீட்டை மட்டும் பார்த்துப் புடவை எடுக்கிறாளா? பிரித்து, முந்தியைப் பார்த்து, வெளிச்சத்திலே தூக்கிப் பிடித்து, நூல் விட்டிருக்கிறதா, சாயம் போகுமா என்று கடைப் பையனை அழவைத்துவிட்டுத்தானே எடுக்கிறாள்! (கைதட்டல்) புடவைக்கே அந்தப் பாடு. ஆயுள் பூராவும் சேர்த்த பணத்துக்குக் கண்ணை மூடு என்கிறார் தலைவர்.

அப்போ வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. விலை ஏன் இறங்கிச்சு? அதைக் கேளு என்கிறேன். அதற்குப் பதில் விலைப் பலகையிலே கிடையாது. வாடகைக் கணக்கிலே இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன், மனக்கணக்குதான். ஒரு யூனிட்டுக்கு வருஷம் 22 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை 400. எத்தனை சதவீதம்? ஐந்தரை. 2021-இலே வங்கியிலே வைப்புப் பணத்துக்கு ஐந்து, ஐந்தரை கொடுத்தார்கள். அப்போது இந்த ஐந்தரை இனித்தது. கட்டட மதிப்பும் ஏறும், வாடகையும் ஏறும், போதும் என்றிருந்தார்கள். அப்புறம் என்ன ஆச்சு? 2022 மே மாதத்திலே ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்ற ஆரம்பித்தது. நாலு சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரியிலே ஆறரைக்கு வந்து நின்றது. வங்கிக்காரரே ஏழு சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கிறார். இப்போ ஐந்தரையை யார் சீந்துவார்கள்? விலை இறங்குகிறது. 300-க்கு வந்தால் அதே 22 ரூபாய் ஏழேகால் சதவீதத்துக்கும் மேலே ஆகிறது.

கவனிக்க வேண்டும் நடுவர் அவர்களே! 22 ரூபாய் அப்படியே இருக்கிறது. கட்டடம் அப்படியே இருக்கிறது. லிஃப்ட் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மாறியது வெளியிலே இருக்கிற வட்டி. இந்த மாதிரி இறக்கத்திலே கை நீட்டி வாங்கலாம். 2020 தொடக்கத்திலே 400-ஐத் தாண்டிப் போயிருந்த எம்பசி யூனிட், 2023-இலே திரும்ப 300-க்குப் பக்கத்திலே வந்து நின்றது. 2025-இலே ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்க ஆரம்பித்த பிறகு மறுபடி 400-ஐத் தாண்டியது. இடையிலே வாடகைப் பங்கு காலாண்டுக்குக் காலாண்டு வந்துகொண்டே இருந்தது.

இன்னொரு வகை இறக்கம் உண்டு. பெரிய முதலாளி மூட்டை கட்டுவது. அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம் எம்பசி ரீட்டிலே வைத்திருந்த பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, 2023 டிசம்பரிலே மிச்சத்தையும் விற்றுவிட்டு வெளியே போனது. "ஐயையோ, பெரிய ஆளே போறார், நாம இருக்கலாமா?" என்று சிலருக்குப் பதற்றம். அவர் போனதாலே பெங்களூரிலே வாடகைக்கு இருக்கிற எந்தக் கம்பெனியாவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதா? கிராமத்திலே பண்ணையார் தன் பங்கை விற்றுவிட்டுப் பட்டணம் போனால், வாய்க்காலிலே தண்ணீர் நின்றுபோகுமா?

ஆனால் மூன்றாவது வகை இருக்கிறதே, அங்கேதான் எதிரணி நண்பர்கள் வழுக்கி விழுவார்கள். குடித்தனக்காரரே காலி செய்வது! நம் நாட்டிலேயே நடந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்திலே கட்டிய அலுவலகக் கட்டடங்கள். அங்கே புதிதாக வருகிற கம்பெனிக்குக் கிடைத்த வருமான வரிச் சலுகை 2020-இலே முடிந்துபோனது. சலுகை இல்லாத இடத்துக்குப் புதிய ஆள் ஏன் வருவான்? அதோடு கொரோனா, வீட்டிலிருந்தே வேலை. பழைய ஆள் போக, புதிய ஆள் வராமல், மாடி மாடியாகக் காலியாகக் கிடந்தது. இந்த இறக்கமும் இறக்கம்தான். விலைப் பலகையிலே இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு. இதைப் பார்த்து "ஆகா, மலிவு!" என்று பாய்ந்தால்? 2023 டிசம்பரிலேதான் அரசாங்கம் அந்தக் கட்டடங்களைப் பகுதி பகுதியாக, மாடி மாடியாக மண்டலத்திலிருந்து விடுவித்துக்கொள்ளலாம் என்று வழி விட்டது. காலி மாடிக்கு ஆள் வர வழி பிறந்தது. வாங்குவதற்கான சேதி அங்கே வருகிறது! விலை இறங்கிய நாளிலே வரவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். எந்த விவசாயியாவது ஆடி பிறந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்து மட்டும் விதைத்தானா? குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையிலே இறுக்கிப் பார்ப்பான். ஈரம் இருக்கா? இருந்தா விதை. விலை இறங்குவது ஆடி பிறக்கிற மாதிரி. மண்ணிலே ஈரம் என்பது வாடகை. (கைதட்டல்)

பேராசிரியர் ஒரு பெரிய ஆயுதத்தை எடுத்தார். "நிகர சொத்து மதிப்பு என்று ஒன்று இருக்கிறது அம்மா. தனி மதிப்பீட்டாளர் கணக்குப் போட்டுச் சொல்கிறார். யூனிட் விலை அதற்குக் கீழே போனால் வாங்க வேண்டியதுதானே, இதிலே வாடகை எங்கே வந்தது?" என்றார். பேராசிரியர் ஐயா, நான் முப்பது வருஷம் வங்கியிலே கடன் பிரிவிலே இருந்தவள். மதிப்பீட்டாளர் எப்படிக் கணக்குப் போடுகிறார்? செங்கல்லை எண்ணியா? இந்தக் கட்டடம் இனி வரும் வருஷங்களிலே எவ்வளவு வாடகை தரும், எத்தனை மாடி காலியாகும், வட்டி என்ன என்று எழுதித்தான் மதிப்பைப் போடுகிறார். நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த ஆயுதத்துக்குக் கைப்பிடியே வாடகைதான்! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் ஒன்று. வாடகை என்று நான் சொல்வது கட்டடத்திலே வசூலாகிற வாடகை மட்டும் இல்லை. கடனுக்கு வட்டி கட்டியது போக என் கைக்கு வருகிற வாடகை. இதிலே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் அணியிலேயே இதை விட்டுவிட்டார்கள். அமெரிக்காவிலே ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு ரீட் இருந்தது. வணிக வளாகங்கள் வைத்திருந்ததிலே அந்த நாட்டிலேயே இரண்டாவது பெரிய நிறுவனம். கடைகள் இருந்தன, ஜனம் வந்தது, வாடகையும் வந்தது. ஆனால் ஏறத்தாழ 27 பில்லியன் டாலர் கடன். 2008-இலே கடன் சந்தை உறைந்துபோனது. தவணை வந்த கடனைப் புதுப்பிக்க ஆள் இல்லை. 2009 ஏப்ரல் 16-ஆம் தேதி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியது. பெட்டிக்கடையிலே வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, கந்துக்காரன் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றால் எப்படியோ, அப்படி.

நம் ஊரிலே செபி கடனுக்கு 49 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. 25-ஐத் தாண்டினாலே தர மதிப்பீடு வேண்டும், யூனிட்காரர்கள் ஒப்புதல் வேண்டும். நல்லது. இருந்தாலும் விலை சரிகிற நேரத்திலே, அவர்கள் வெளியிடுகிற காலாண்டு அறிக்கையிலே நான் முதலிலே புரட்டுகிற பக்கம் அதுதான். எவ்வளவு கடன், எப்போது தவணை, வட்டி நிலையானதா ஏறி இறங்குவதா? அப்புறம் எத்தனை சதவீதம் ஆள் இருக்கிறார்கள், குத்தகை இன்னும் எத்தனை வருஷம் பாக்கி. அலுவலகக் குத்தகையிலே வழக்கமாக மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் 15 சதவீதம் வாடகை ஏறும் என்று எழுதுவார்கள். பழைய வாடகை சந்தை வாடகையைவிடக் குறைவு என்றால் குத்தகை முடிவது லாபம். கூடுதல் என்றால் குத்தகை முடிவது நஷ்டம்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கைக்கு வருகிற பணம் எல்லாம் வாடகை லாபம் இல்லை. அதிலே வட்டி என்று ஒரு பகுதி, ஈவு என்று ஒரு பகுதி, கடன் திருப்பம் என்று ஒரு பகுதி வரும். கடைசிப் பகுதி பெரும்பாலும் நம் முதலே நமக்குத் திரும்பி வருவது. 2023 பட்ஜெட்டிலே அதன் வரிக் கணக்கையும் மாற்றினார்கள். அதையும் சேர்த்து "எட்டு சதவீதம் வருது" என்று சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

படிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை வடபழனியிலே விஜயா மாலுக்குப் போயிருப்பீர்கள். நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் என்கிற ரீட்டின் பட்டியலிலே இருக்கிற கட்டடம் அது. போரூர் காமர்ஸோன் மைண்ட்ஸ்பேஸ் ரீட்டிலே இருக்கிறது. பல்லாவரம் துரைப்பாக்கம் சாலையிலே ஒரு பெரிய வளாகத்தை 2024-இலே எம்பசி வாங்கியது. எல்லாம் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம். நான் மாலுக்குள்ளே போனால் என் வீட்டுக்காரர் கடையைப் பார்ப்பதே இல்லை. இழுத்து மூடிய ஷட்டர் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வருவார். நானும் அவரை வாழ்க்கையிலே முதல் தடவையாக எதுவும் சொல்வதில்லை. (சிரிப்பு)

சரி, பணத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். பணத்துக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் பேச வேண்டாமா?

எங்கள் தெருவிலே ஒரு அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டிப் பணம் கையிலே வந்தது. ஒரு நாள் சாயங்காலம் வந்தார். "தங்கச்சி, மருமகன் சொல்றான், ரீட் விலையெல்லாம் இறங்கிக் கிடக்காம். இதுதான் சமயமாம். மொத்தத்தையும் போட்டுடவா?" என்றார். நான் கேட்டேன், "அண்ணே, சின்னவளுக்குக் கல்யாணம் எப்போ?" "வர்ற தையிலே." "இதிலே கல்யாணப் பணம் எவ்வளவு?" "பாதி." அவரே நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் 2020 தொடக்கத்திலே 400-க்கு மேலே கொடுத்து வாங்கியவர் 2023-இலே அதே யூனிட்டை 300-க்குப் பக்கத்திலே பார்த்தார். மூன்று வருஷம்! பிரூக்ஃபீல்டு ரீட் 2021-இலே 275 ரூபாய்க்கு வெளியானது. 2023-இலே அந்த விலைக்கும் கீழே போனது. சம்பந்தி வீட்டிலே போய், "கொஞ்சம் பொறுங்க, ரெப்போ வட்டி குறையட்டும், அப்புறம் முகூர்த்தம் வச்சுக்கலாம்" என்று சொல்ல முடியுமா? (சிரிப்பு, கைதட்டல்)

கல்யாணப் பணம் வங்கிக்குப் போச்சு. மிச்சத்திலேயும் மருத்துவச் செலவுக்கு ஒதுக்கியது போக, இருந்ததை நாலாகப் பிரிக்கச் சொன்னேன். ஒவ்வொரு காலாண்டு அறிக்கையும் வரட்டும். ஆள் இருக்காங்களா, பணம் வருதா, கடன் கூடலையா என்று பார்த்துவிட்டு ஒரு பங்கு. விலை இன்னும் இறங்கியிருந்தாலும் வாடகை நின்றால் வாங்கு. விலை கொஞ்சம் ஏறியிருந்தாலும் வாடகை நின்றால் வாங்கு. வாடகை ஆடினால் நிறுத்து.

எதிரணியிலே மூன்றாவதாகப் பேசிய சகோதரி, "அடிமட்டம் வரைக்கும் பொறுக்கணும்" என்றார். சகோதரி, கிணற்றிலே தண்ணீர் இறைக்கிறவள் வாளியைத் தரையிலே இடித்துப் பார்த்துவிட்டா இறைக்கிறாள்? கயிறு எட்டுகிற ஆழத்திலே தண்ணீர் இருந்தால் போதாதா? தரையைத் தேடினால் சேறுதான் வரும்.

வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார், நேரம் முக்கியம்தான் என்று எதிரணி சொன்னது. ஒத்துக்கொள்கிறேன். அது 49-ஆவது அதிகாரம். அதற்கு முன்னாலே 48-ஆவதாக எதை வைத்தார்? வலியறிதல். அடுத்து 50-ஆவதாக? இடனறிதல். உன்னுடைய வலிமை என்ன, எந்தப் பணத்தை எத்தனை நாள் தொடாமல் இருக்க உன்னாலே முடியும், அது முதலிலே. காலம் நடுவிலே. எந்த இடத்துக் கட்டடம், அதிலே யார் இருக்கிறார்கள், அது அடுத்து. நடுவிலே இருக்கிற ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்து மேடையிலே வைத்தால் எப்படி? (கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா.

எனக்கு அடுத்து எதிரணியிலே பேச வருகிற தம்பி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். 2020 மார்ச்சிலே நம் நாட்டு அலுவலக ரீட் விலை சரிந்தது. 2022-இலே நியூயார்க்கிலே அலுவலகக் கட்டடம் வைத்திருக்கிற வொர்னாடோ ரீட் விலையும் சரிந்தது. இரண்டுமே இருபது சதவீதத்துக்கு மேலே. இங்கே வாடகைப் பங்கு நிற்காமல் வந்தது. அங்கே 2023 ஏப்ரலிலே, அந்த வருஷக் கடைசி வரைக்கும் ஈவை ஒத்திப்போடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். பிற்பாடு அந்த விலையும் ஏறியது என்று தம்பி சொல்வார், ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஈவை நம்பி மளிகைக் கடைக்குக் கணக்கு வைத்திருந்த ஒரு கிழவர் அந்த எட்டு மாசம் என்ன செய்திருப்பார்? தம்பி, விலையை மட்டும் கையிலே வைத்துக்கொண்டு, இந்த இரண்டிலே எதை வாங்குவது, எதை விடுவது என்று அன்றைக்கு எப்படிப் பிரித்திருப்பீர்கள்?

(மணி)

(நீண்ட கைதட்டல்)